கடுகுக்குப் பசியில்லை

காங்கேயக் குமிழில் எந்த வீட்டுக் கதவும் ஆளை எடை போடாமல் திறப்பதில்லை. காலையில் வெளியே கிளம்புகிறவர்கள் வாசற்படித் தகட்டில் ஏறி நிற்பார்கள். கதவு ஒரு கணம் யோசிக்கும். இன்னாருக்கு இன்றைக்கு இவ்வளவு மூச்சு என்று அறிவித்துவிட்டு விலகிக்கொள்ளும். செவ்வாயில் காற்றடைத்த குமிழுக்குள்தான் ஊர். பாறையைச் சுட்டால் தண்ணீர்கூடக் கிடைத்துவிடும். காற்றைச் செய்வதுதான் பெரும்பாடு. பெருத்த உடம்பு அதிகக் காற்றை இழுக்கும் என்பதால் மனிதருக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் எடைவரம்பு வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை கிலோ என்பது தெரு முழுக்கத் தெரியும். அதற்காக யாரும் கூச்சப்படுவதில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் நாம் சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதைப் போல, அவர்கள் எடையை விசாரித்துக்கொள்வார்கள்.

அன்று காலை பாவாயி வீட்டுக் கதவு திறக்க மறுத்தது.

"கடுகு வரம்பு மீறிவிட்டது. தணிக்கை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுத்தான் விலகியது.

கடுகு என்பது அந்த வீட்டு நாய். பூமியிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது தவிட்டு மூட்டைக்குக் காலும் வாலும் வைத்ததுபோல் இருந்தது. பூமியாக இருந்தால் அது மூச்சு வாங்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தே விஷயம் புரிந்திருக்கும். செவ்வாயின் இழுவிசை குறைவு. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு கடுகு ஒரே தாவில் சாப்பாட்டு மேசைக்கு ஏறிவிடும். "என்ற தங்கம் என்னமாத் தாவுது பாருங்க" என்று பூரித்துப்போனவர்களுக்கு எடை எங்கே கண்ணில் படும்?

வரம்பு மீறிய பிராணிக்கு மூன்று மாதத் தவணை. அதற்குள் இளைக்காவிட்டால் உறைதுயில். ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, குளிரூட்டி, மூச்சே தேவைப்படாத தூக்கத்தில் ஆழ்த்திவிடுவார்கள். புதிய காற்று உலை கட்டி முடிந்ததும் எழுப்பித் தருவதாகச் சட்டம் சொல்கிறது. அந்த உலைக்கு இதுவரை மூன்று முறை அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு செங்கல்கூட ஏறவில்லை.

பாவாயிக்குக் கை கால் ஓடவில்லை. மகன் வியாழன் பக்கம் வேலைக்குப் போய்விட்ட பிறகு, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற உயிர் அந்த வீட்டில் கடுகு ஒன்றுதான். காற்றுக் குழாய் நிலையத்தில் வேலை பார்க்கும் கணவர் சென்னியப்பனைக் கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்பார், வரமாட்டார்.

முதலில் பாதிச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார்கள். அன்று முழுவதும் கடுகு காலிச் சோற்று வட்டலின் அருகே உட்கார்ந்து பாவாயியையே பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை, முனகவில்லை, வெறுமனே பார்த்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "வாயில்லாச் சீவனப் பட்டினி போட்டு நாம எந்த மொகத்த வச்சுட்டுத் திங்கறதுங்க?" என்று அழுதாள். சாயங்காலமே கடுகைச் சமையலியின் தோளில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார்கள். சமையலி என்பது வீட்டுச் சமையல் எந்திரன். நாயைத் தூக்க அந்த வீட்டில் அதற்கு மட்டுமே தெம்பிருந்தது.

டாக்டர் பெர்னதெத் தூத்துக்குடிக் குமிழிலிருந்து மாற்றலாகி வந்தவர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"பட்டினி எதுக்கும்மா போடணும்? பசிக்காமலே இளைக்க வைக்கலாம்லா. அரிசியக் குறைச்சு, புடலங்காயும் பீன்ஸும் வேகவச்சு நிறையப் போடுங்க. வயிறு நிறையும், உடம்புல ஒட்டாது. ஒரே தடவையாக் கொட்டாம, பிரிச்சுப் பிரிச்சுக் குடுங்க. ஓடி விளையாட விடுங்க. அதுக்கு மேல நான் ஒண்ணு வைக்கேன்."

அவர் வைத்தது நிறைவுச்சில் என்ற சிறு சில்லு. அரிசி அளவுதான் இருக்கும். இரைப்பையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, 'வயிறு நிறைந்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கழுத்தில் உணர்மானிப் பட்டை ஒன்றையும் கட்டிவிட்டார். நாயின் மனத்தில் ஓடுவதை அது குறித்து வைத்துக்கொள்ளும். பசி வந்தால் சிவப்பு விளக்கு எரியும்.

விளக்கு எரியவே இல்லை. கடுகு புடலங்காய்க் கலவையைத் தின்றது, திருப்தியாகக் கொட்டாவி விட்டது, மல்லாந்து தூங்கியது. பாவாயி நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஒரு மாதம் கழித்து எடை போட்டால், கடுகு முன்பைவிடக் கூடியிருந்தது.

மறுபடி மருத்துவமனை. டாக்டர் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து விசாரித்தார்.

"நானொண்ணும் போடலீங்க டாக்டர்" என்றாள் பாவாயி. "வெல்லம் போட்டு ஒப்புட்டு பண்ணுன அன்னைக்கு மட்டும் ஒரே ஒரு விள்ளல். அதுவும் தெனமுமா ஒப்புட்டுப் பண்ணுவோம்?"

"இந்த மாதத்தில் ஒப்புட்டு செய்யாத நாள் ஒன்று இருந்தது" என்றது சமையலி. "அன்று எண்ணெயில் கச்சாயம் சுட்டோம்."

சென்னியப்பன் பலமாகச் சிரித்தார். பாவாயி அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்க மட்டும் என்னவாம்? குழாய் நெலையத்துக்குக் கட்டிக் குடுத்தனுப்பற அரிசியும்பருப்புச் சோத்துல பாதி எங்க போச்சு?"

"அதுவுங் கூடவே வந்து, நாந் திங்கறப்ப பாத்துட்டே இருக்குது அம்மிணி. மனசு கேக்குமா? நாலு உருண்டை... சித்தெ பெருசா."

"நீ என்ன குடுத்தே?" என்று டாக்டர் சமையலியைக் கேட்டார்.

"பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை. வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக ஒட்ட வைத்தேன். இந்த வீட்டில் அன்பு காட்டும் முறை அதுதான் என்று கற்றுக்கொண்டிருக்கிறேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவருக்கே ஒன்று புரியவில்லை. நிறைவுச்சில் ஒழுங்காக வேலை செய்கிறது. பசி துளியும் இல்லை. பிறகு எதற்கு அத்தனையையும் தின்றது? உணர்மானிப் பட்டையைக் கழற்றித் திரையில் இணைத்தார். பசிக்கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ருசிக்கோடும் அப்படியொன்றும் துள்ளவில்லை. மூன்றாவதாக ஒரு கோடு. பாவாயி ஒப்புட்டை நீட்டிய நேரம், சென்னியப்பன் உருண்டை பிடித்த நேரம், சமையலி பாத்திரத்தைச் சுரண்டிய நேரம், எல்லா நேரமும் அது விறுவிறுவென்று மேலே ஏறியிருந்தது.

"அதென்ன கோடுங்க?" என்று பாவாயி கேட்டாள்.

டாக்டர் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டார். "இரக்கம், அம்மா."

"யாரு மேல?"

"உங்க மேலதான். இதுக்குப் பசியே இல்ல. வேண்டாம்னு மூஞ்சியத் திருப்பினா நீங்க வாடிப்போயிருவீங்கன்னு, பாவம் பாத்துத் திங்கிது. பசி உங்க மூணு பேருக்கும்தான். போடணும், போடணும்னு ஒரு பசி."

மூவரும் கடுகைப் பார்த்தார்கள். கடுகு அவர்களைப் பார்த்து மரியாதைக்கு வாலை ஆட்டியது.

ஆக, மருந்து நாய்க்கு அல்ல என்று முடிவாயிற்று. ஊட்டடக்கி என்று ஒன்று இருந்தது. பேரப்பிள்ளைகளுக்குச் சோறு திணிப்பவர்களுக்காகக் கண்டுபிடித்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும். எதிரே ஒரு வாயைப் பார்த்ததும் கை சோற்றுப் பானைக்குப் போகும் அல்லவா, அந்தக் கணத்தில் 'போட்டாயிற்று, வயிறாரச் சாப்பிட்டாயிற்று' என்ற நிறைவை மனத்தில் ஊற்றிவிடும். பாவாயிக்கு ஒன்று, சென்னியப்பனுக்கு ஒன்று. சமையலிக்கு ஆணை ஒன்றைத் திருத்தினார்கள்: இனிமேல் அம்மா சொல்லாமல் யாருக்கும் எதுவும் பரிமாறக் கூடாது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்றார் டாக்டர். "நாய் யாரு, ஆள் யாருன்னு இதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது."

"அது கெடக்குதுங்க. என்ற கடுகு பொட்டிக்குள்ள போகாம இருந்தாச் சரி" என்றாள் பாவாயி.

அதற்குப் பிறகு கடுகு இளைக்கத் தொடங்கியது. விலா எலும்பு தடவினால் கைக்குத் தட்டுப்பட்டது. கழுத்து என்று ஒன்று இருப்பதும் தெரியவந்தது. சென்னியப்பனும் கூடவே இளைத்தார். சோறு கேட்டால் "இப்பத்தான தின்னீங்க" என்று பதில் வந்ததால், அவரே போட்டுத் தின்னப் பழகிக்கொண்டார். முப்பது வருடத்தில் முதல் தடவையாகப் பசிக்கிற அளவுக்கு மட்டும் சாப்பிடுகிறேன் என்று குழாய் நிலையத்தில் சொல்லி வைத்தார். வீட்டில் சொல்லவில்லை.

தவணை முடிந்த நாளில் எடைத் தணிக்கையர் நஞ்சப்பன் வந்தார். விடிவதற்கு முன் தன் குமிழிலிருந்து தரையூர்தியில் கிளம்பி, புழுதிப் புயலில் மாட்டி, உச்சிப் பொழுதில் வந்து சேர்ந்திருந்தார். கட்டுச்சோறு கொண்டுவரவில்லை. காங்கேயக் குமிழுக்குப் போகிறவர் கட்டுச்சோறு கட்டினால் கேட்டவர்கள் சிரிப்பார்கள். அங்கே வீட்டுக்கு வந்தவர் கை நனைக்காமல் யாரும் பேச்சையே எடுக்க மாட்டார்கள். வந்தவரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் கேவலம்.

நஞ்சப்பன் உட்கார்ந்தார். பாவாயி அன்பாகச் சிரித்தாள். அவருடைய வாடிய முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவள் மனம் நிறைந்துவிட்டது. நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார் மனுசன், என்று நினைத்துக்கொண்டாள்.

"வழியெல்லாம் ஒரே புழுதிங்க" என்றார் நஞ்சப்பன், அடுக்களைப் பக்கம் பார்த்தபடி.

"ஆமாங்க" என்றார் சென்னியப்பன், பூரண திருப்தியோடு.

"காத்தால வெள்ளன கெளம்புனது."

"அப்பிடிங்களா."

நஞ்சப்பன் இருமினார். தண்ணீராவது வரும் என்று பார்த்தார். அதுவும் வரவில்லை. அவர் முகம் மெல்ல மெல்லச் சட்டப் புத்தகம்போல் ஆயிற்று. "நாயக் கூப்புடுங்க" என்றார்.

கடுகு தகட்டில் ஏறி நின்றது. எவ்வளவோ இறங்கியிருந்தது. ஆனாலும் வரம்புக்கு மேலே ஒரு துளி மிச்சமிருந்தது.

"கூட இருக்குதுங்க அம்மிணி."

"இன்னுஞ் சித்தெ நாள் குடுத்தீங்கன்னா எறங்கீருமுங்க. அவசரமா எளைக்க வச்சா ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள் பாவாயி.

"சட்டம்னா சட்டந்தானுங்க. பொட்டி வண்டியிலயே இருக்குது." பசித்த வயிற்றிலிருந்து வந்த வார்த்தை வேறு எப்படி இருக்கும்? அவர் எழுந்து வாசலுக்குப் போய், உறைபெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் கூடத்தில் குளிர் பரவியது. பாவாயி கடுகைக் கட்டிக்கொண்டு அழுதாள். உலை எழும்புவதற்குள் தான் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பது அவளுக்குத் தெரியும்.

கடுகு அவள் கையிலிருந்து நழுவியது. பெட்டியைப் பார்க்கவில்லை, நஞ்சப்பனின் முகத்தையே பார்த்தது. பசித்த முகத்தை இந்த வீட்டில் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் இப்போது அது ஒன்றுதான். நேராக மூலைக்குப் போய், வாய் வைக்காமல் இருந்த மத்தியானக் கலவையை வட்டலோடு கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தது.

"இதென்னடா? வேண்டாம் போ."

கடுகு போகவில்லை. எதிரே உட்கார்ந்தது. வட்டலைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, காதைத் தொங்கப்போட்டுக்கொண்டது. நஞ்சப்பன் முகத்தைத் திருப்பினார். திருப்பின பக்கம் கடுகு வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. குனிந்து, உப்பில்லாத புடலங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கடுகின் வால் ஆடியது. இன்னொன்று எடுத்தார். பசி எல்லாவற்றையும் சரியாக்கிவிட்டது. வட்டல் காலியாயிற்று. வயிற்றை நிறைப்பதற்கென்றே செய்த கலவை அது, அவருக்கும் நிறைந்தது. பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது.

நஞ்சப்பன் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"கை நனைச்ச எடத்துல பொட்டியத் தொறக்கறதுக்கு நான் பொறக்கலீங்க. இன்னும் மூணு மாசம் எழுதீட்டுப் போறன். எளைச்சிரும்." வாசலில் நின்று, சொல்லாமல் போக மனமில்லாமல் சொன்னார்: "ஆனா ஒண்ணுங்க அம்மிணி. பசிச்சு வந்த ஒறம்பரையப் பாத்துக்கோணும்னு இந்த ஊட்டுல நாய்க்குத்தான் தெரிஞ்சிருக்குது."

பாவாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை காதுக்குப் பின்னால் போயிற்று. ஊட்டடக்கியைப் பிய்த்து எறிந்தாள். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் பொங்கி வந்தது.

"அய்யோ! பச்சத் தண்ணிகூடக் குடுக்காம உக்கார வச்சுட்டனே! உக்காருங்க, உக்காருங்க. டேய் சமையலி, அடுப்பப் பத்த வையி!"

"வேண்டாமுங்க, வயிறு நெறஞ்சிருச்சு. மெய்யாலுமே."

காங்கேயத்தில் 'வேண்டாம்' என்றால் பரிமாறத் தொடங்கலாம் என்று பொருள். அரிசியும்பருப்பும் வந்தது. அதன்மேல் நெய் வந்தது. "போதுமுங்க" என்று அவர் வட்டலின் குறுக்கே இரண்டு கையையும் வைத்து மறைத்தார். விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி இறங்கியது. சூடான ஒப்புட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. எதிரே பாவாயி கரண்டியும் கையுமாக, கண்ணில் நீரோடு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நஞ்சப்பன் தப்பிக்க வழி தேடிக் கடுகைப் பார்த்தார். அது அவரை நன்றாகப் புரிந்துகொண்டதுபோல் பார்த்துவிட்டு, முன்னங்காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

அவருக்குப் பசி துளியும் இல்லை. பாவாயியின் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். பாவமாக இருந்தது. இன்னொரு ஒப்புட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.