வந்தவர் கை

வாசற்படியில் கிரானியா தூவியிருந்த மஞ்சள் பூக்கள் ஒரு சாண் அகலத்துக்கு இருபுறமும் ஒதுங்கிக் கிடந்தன.

விடியுமுன் ஓடைக்கரையில் பறித்துவந்து, கல்லே தெரியாதபடி அவளே தூவியவை. மே மாதத்து முதல் நாள் அந்தப் பூவைத் தாண்டிக் கெட்டது எதுவும் உள்ளே வராது. கோழியாக இருக்கும் என்று நினைத்தாள். கோழிகள் கொட்டிலில் அடைந்து கிடந்தன. வாசலின் அரைக்கதவு சாத்தியிருந்தது. அதன் அடியில் ஒரு பூனைக்குட்டி நுழையும் சந்துதான் இருந்தது.

காலையில் டோனல் நின்ற இடமும் அதுதான். அடுத்த வீட்டுக்காரன். இரவு மழை அவன் கூரையைப் பொத்துக்கொண்டு அடுப்பில் இறங்கியிருந்தது. அதே இரவில், ஒரு மாதம் முன்னதாகவே, அவன் மனைவிக்குப் பிரசவமாகியிருந்தது. கையில் வெறும் இரும்புச் சட்டி.

"ஒரே ஒரு கங்கு குடுக்கா. புள்ள நீலம் பாரிச்சுக் கிடக்கு."

"இன்னைக்கா? மே முதல் நாள் எந்த வீட்டுலயாவது நெருப்பு வெளிய போகுமா?"

"கங்குதானேக்கா கேக்கறேன். உன் மாட்டையா கேட்டேன்?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "சரி, புள்ளைய இங்க தூக்கிட்டு வரேன். அடுப்போரமா கொஞ்ச நேரம்..."

"இன்னைக்கு வெண்ணெய் கடையறேன். கடையறப்ப உள்ள வந்தவங்க மத்துல கை போடணும். இல்லன்னா வெண்ணெய் அவங்களோட போயிடும். உன் புள்ள வந்து கை போடுமா?"

டோனல் வெறும் சட்டியைத் தூக்கிக் காட்டினான்.

"நாளைக்கு வா," என்றாள் கிரானியா. "சட்டி நிறையத் தரேன்."

அவன் சட்டியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, பெருகி ஓடிய ஆற்றின் அக்கரையிலிருந்த வீடுகளை நோக்கி மழையில் ஓடினான்.

போன வருஷம் இதே நாளில் வழிப்போக்கி ஒருத்திக்கு அவள் நெருப்பு கொடுத்திருந்தாள். பிறகு வருஷம் முழுக்கப் பால் நுரைத்ததே தவிர வெண்ணெய் திரளவில்லை. குளிர்காலத்தில் அவளும் கணவனும் வெறும் உருளைக்கிழங்கில் உயிர் பிடித்துக் கிடந்தார்கள். அந்தப் பயம்தான். ஒரு கங்கை எடுத்தால் அடுப்பு குறைந்துபோகாது என்பது அவளுக்கும் தெரியும்.

கணவன் மாடுகளை மலைக்கு ஓட்டிப் போயிருந்தான். வீட்டில் அவள் மட்டும். கேட்டவர்க்கெல்லாம் பாலும் வெண்ணெயும் அள்ளிக் கொடுத்த புனித பிரிஜிட்டின் நாணல் சிலுவை கதவுக்கு மேலே தொங்கியது. அதைப் பார்க்காமலே சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, இடுப்பளவு உயர மரப் பீப்பாயின் முன் நின்று, மூடித் துளையின் வழியே மத்துக்கோலை ஏற்றி இறக்கினாள். அடுப்பில், விறகுக்குப் பதிலாக வெட்டிக் காயவைத்த சதுப்பு மண்கட்டிகள் செக்கச்செவேலென்று கனன்றன. புகையின் மண்வாசமும் புளித்த பாலின் வாசமும் கலந்த அந்த அறையில், அவற்றுக்கும் அடியில், இப்போதுதான் கழுவித் துடைத்த சிசுவின் தலை வாசம் மெல்லப் பரவியது.

தொப். தொப். மத்து இறங்கும் ஓசை. ஒவ்வொரு ஓசைக்கும் பின்னால், பீப்பாய்க்குள்ளிருந்து, இன்னொரு சின்ன ஓசை.

அரைக்கதவுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. மருத்துவச்சி எவ்லின்.

"புள்ள எப்படி இருக்கு?"

"மூச்சு அடங்கி ஒரு நாழிகை ஆச்சு," என்றாள் எவ்லின். "டோனல் அக்கரையிலேருந்து நெருப்போட வந்தான். வந்து என்ன? உன் வெண்ணெய் சௌக்கியமா?"

கிரானியா வாசற்படியைப் பார்த்தாள். பூக்கள் விலகிக் கிடந்ததும் ஏறக்குறைய அந்த நேரம்தான்.

"எவ்லின், போகாத. உள்ள வா. ஒரு கை போட்டுட்டுப் போ."

"நான் எங்கடி உள்ள வந்தேன்? வந்தவங்க போடட்டும்."

அவள் போய்விட்டாள். சேற்றில் அவள் காலடி தேய்ந்து மறைந்தது.

கிரானியா மத்தைப் பிடித்தாள். மேலே இழுக்கையில் கனத்தது. கீழே தள்ளும்போது கனமே இல்லை. உள்ளிருந்து எதுவோ அவளோடு சேர்ந்து இழுத்தது.

கையை எடுத்தாள்.

மத்து இறங்கியது. தானாக. தொப்.

ஏறியது.

தொப்.

பிறகு நின்றது.

மூடியைத் திறந்தாள். வெண்ணெய். விளிம்புவரை. தங்க மஞ்சளாய், அவள் ஆயுளில் காணாத அளவு. பயத்துக்குள்ளேயும் ஒரு சந்தோஷம். அள்ளுவதற்கு வலக்கையை விட்டாள். அடியில் மோர் பனிபோலக் குளிர்ந்தது.

ஏதோ அவள் சுட்டுவிரலைத் தொட்டது.

பற்றியது.

ஐந்து விரல்கள். வாற்கோதுமை மணியளவு நகங்கள். பிறந்த சிசு கிடைத்த விரலைப் பற்றுமே, அப்படி.

இழுத்தாள். விடவில்லை. குளிர் மணிக்கட்டுக்கு ஏறியது. முழங்கைக்கு. தோளுக்கு.

அடுப்பு நான்கடி தள்ளி இருந்தது. இடக்கையை நீட்டினாள். எட்டவில்லை. அவள் பார்த்திருக்கக் கங்குகள் ஒவ்வொன்றாய்ச் சாம்பல் பூத்தன. கடைசியாக ஒன்று. சிவந்து. மங்கி.

விரல்கள் இன்னும் இறுகின.