நாற்பது விநாடி தாமதம்

2008 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. ஆம்பூருக்கு வெளியே இருந்த ஒரு தோல் தொழிற்சாலையின் வாசலில் ஜெபசீலன் பைக்கை நிறுத்தியபோது மதியம் ஒன்றரை மணி. வேலூர் சத்துவாச்சாரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவன் அவன். கல்யாணங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டும் வேலையையும் அந்த வருடம்தான் ஆரம்பித்திருந்தான். அதைக் கேள்விப்பட்டுத்தான் மேனேஜர் சீனிவாசன் கூப்பிட்டிருந்தார்.

“மூணு மணிக்கு தோல் வாங்கறவங்க ஜெர்மனில இருந்து பாப்பாங்க. பின்னாடி கழிவுக் குழி ஷெட்டு காலியா, மூடி இருக்குதுன்னு லைவ்ல காட்டணும். இல்லன்னா ஆர்டர் போச்சு. படம் திக்கித் திக்கி வருது, ஒரே பேஜார்.”

“அந்த ஷெட்டை மட்டும் இன்னாத்துக்கு சார் கேக்கறாங்க?”

“ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தன் குடிச்சிட்டு உள்ள விழுந்துட்டான்.”

ஆபீஸ் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணின் துடைப்பம் சட்டென்று நின்றது. சீனிவாசன் வெளியே போகும்வரை அது நகரவில்லை.

“அவரு குடிக்க மாட்டாரு சார்,” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. “என் வூட்டுக்காரரு. ஜான்சன்னு பேரு. சேறு அள்ள இவங்கதான் எறக்கி வுட்டாங்க. காஸ் அடிச்சு, மேல வர முடியாம கையை நீட்டிக்கினே இருந்தாராம். யாரும் கிட்ட போவக் கூடாதுன்னு மேனேஜர் கதவைச் சாத்திட்டாரு. இப்ப எனக்கு இந்த வேலையைக் குடுத்து வாயை மூடிட்டாங்க.”

அவள் பெயர் ஜாஸ்மின். ஜெபசீலன் கேமராவைப் பார்த்து வருவதாகச் சொல்லி எழுந்தான்.

ஷெட்டுக்குள் வெயில் வரவில்லை. தகரக் கூரை சூட்டில் படபடவென்று சத்தமிட்டது. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் அழுகிய முட்டையும் கலந்த நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. குழியின் வாயைப் பலகைகளால் மூடியிருந்தார்கள். கேமராவில் கோளாறில்லை. ஒயரிலும் இல்லை.

அவன் திரும்பி நடந்தபோது பலகைக்குக் கீழே ஏதோ தட்டியது.

ஒரே ஒரு முறை.

எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அறைக்கு வந்து கம்ப்யூட்டரில் தேவையில்லாத புரோகிராம்களை மூடினான். படத்தின் அளவைக் குறைத்தான். அப்படியும் திக்கியது. இணையத்தில் போகும் டேட்டாவின் அளவைப் பார்த்தபோதுதான் அவனுக்கு விசித்திரமாகப் பட்டது. ஓர் ஆள் நடந்தாலோ துணி பறந்தாலோதான் டேட்டா ஜாஸ்தியாகும். அசையாத இடத்தைக் காட்டினால் கம்மியாகத்தான் போகும். சாத்திய காலி ஷெட்டுக்கு, கல்யாண மண்டபத்துக் கூட்டத்துக்குப் போகும் அளவு போய்க்கொண்டிருந்தது.

அங்கே ஏதோ அசைகிறது.

மிச்சமிருந்தது ஒரே வழி. படத்தை நாற்பது விநாடி சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக ஓடவிடுவது. பார்ப்பவருக்குத் தாமதம் தெரியாது, திக்காமல் வரும். அப்படியே மாற்றினான். திரை கறுத்தது. சிறிது நேரத்தில் ஷெட் தெரிந்தது, தண்ணீர் போலத் தெளிவாக.

ஒரு பலகை விலகியிருந்தது.

குழியின் விளிம்பில் ஒரு கை.

சுண்ணாம்பு படிந்து வெளுத்த விரல்கள் சிமெண்டைப் பற்றின, வழுக்கின, மறைந்தன. மறுபடி வந்தன. இரண்டாவது கையும் வந்தது. தலையின் உச்சி தெரிந்தது. பிறகு எல்லாம் உள்ளே சரிந்தது. மறுபடி ஒரு கை.

ஜெபசீலனுக்குப் பின்னால் துடைப்பம் கீழே விழும் சத்தம் கேட்டது.

“அது அவரு மோதிரம்,” என்று கிசுகிசுத்தாள் ஜாஸ்மின். “சார், இது முன்னாடி எடுத்ததா? இப்ப நடக்குதா?”

திரையின் மூலையில் சிவப்பு எழுத்துகள் மினுங்கின. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“லைவ்னு போட்டிருக்கே சார்.”

ஓடிவிட்டாள்.

அவன் திரையைப் பார்த்தான். ஷெட் கதவு சாத்தியபடியே இருந்தது. அவள் இன்னும் போய்ச் சேரவில்லை, நேரமிருக்கிறது என்று நம்பினான். போனை எடுத்து சீனிவாசனை அழைத்தான். “சார், ஷெட்டுக்கிட்ட ஆள் அனுப்புங்க, அந்தம்மா குழிக்கு ஓடுது!” பேசியபடியே திரையைக் கவனித்தான். கதவு சாத்தியே இருந்தது.

பிறகுதான் உறைத்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது நாற்பது விநாடிக்கு முந்தைய கதவு.

அவன் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. எல்லாப் பலகைகளும் விலக்கப்பட்டிருந்தன. விளிம்பில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, இருட்டுக்குள் கையை நீட்டினான்.

“ஜாஸ்மின்! கையைப் புடிம்மா!”

ஒரு கை பிடித்தது. சூடான, உயிருள்ள கை. அவன் இழுத்தான். அவளது முகம் கொஞ்சம் மேலே வந்தது. அப்போது அவனுடைய இன்னொரு கையை வேறொன்று பற்றியது.

அது சில்லென்று இருந்தது.

சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார் சீனிவாசன். “வுடுய்யா! நீயும் போய்டுவ!” அவர் இழுத்த இழுப்பில் கை நழுவியதாக ஜெபசீலன் பிறகு எல்லோரிடமும் சொன்னான். அது பொய். அவள் அவனை நம்பி இறுகப் பிடித்திருந்தாள். பயத்தில் அவன்தான் விரல்களை விரித்தான்.

கீழே சேறு ஒருமுறை பொங்கி அடங்கியது.

மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. சீனிவாசன் ஷெட்டைச் சாத்திவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார். “நேத்து கேமராவை டெஸ்ட் பண்ணப்ப எடுத்தது கம்ப்யூட்டர்ல இருக்குது. அதை லைவ் மாதிரி ஓட்ட முடியுமா?”

முடியும் என்றான் ஜெபசீலன். ஓட்டினான். காலி ஷெட், மூடிய பலகைகள், ஒரு திக்கல்கூட இல்லை. ஜெர்மனியிலிருந்து நன்றி சொன்னார்கள். அவர்கள் பார்த்து முடித்த பிறகே ஜாஸ்மினை வெளியே எடுக்க ஆள் அனுப்பினார் சீனிவாசன். புருஷன் போன துக்கத்தில் அவளே குதித்துவிட்டாள் என்று போலீஸ் எழுதிய தாளில் ஜெபசீலன் கையெழுத்துப் போட்டான்.

நான்காம் நாள் காலை, காபி கொடுக்க வந்த மனைவி இன்பம் அவன் கைகளைப் பார்த்துப் பதறினாள்.

“இன்னாங்க இது? யாரு இப்டி புடிச்சாங்க?”

இடது மணிக்கட்டைச் சுற்றி ஓர் ஆணின் தடித்த விரல்கள் கன்றிப்போய்ப் பதிந்திருந்தன. வலது மணிக்கட்டில் மெலிந்த விரல்கள். கீழே நிற்பவர்கள் எட்டிப் பிடித்தது போல, விரல்களின் வாகு மேல்நோக்கி இருந்தது.

எண்ணெய் தடவினாள். ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டு என்றார்கள். பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார். மணிக்கட்டில் இருந்தது மறைந்தது.

மறுவாரம் முழங்கைகளில் இருந்தது.

அதன் பிறகு ஜெபசீலன் அரைக்கைச் சட்டை போடவில்லை. இன்று காலை குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

இரண்டு தோள்களிலும் விரல் விரலாக ஈரச் சுண்ணாம்பு.