தூங்கிக்கொண்டே எடுத்த தண்டால்

காலை ஐந்தேகால் மணிக்கு, நல்ல குறட்டையில் இருந்தபோது, தில்லையப்பன் தமது முந்நூறாவது தண்டாலை எடுத்து முடித்தார். ஐந்தரைக்குப் பஸ்கி. ஐந்தே முக்காலுக்குச் சிலம்பம். ஆறு மணிக்குப் புரண்டு படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டபோது குத்துவரிசை நடந்துகொண்டிருந்தது. இருபது விநாடி வேகம், பத்து விநாடி மூச்சு; மறுபடி இருபது, மறுபடி பத்து. கூடத்தில் கம்பு சுழலும் ஓசைதான் கொஞ்சம் தொந்தரவாக இருந்தது.

"கதவைச் சாத்திக்கிட்டுச் சுத்தக் கூடாதா?" என்று தூக்கத்திலேயே சலித்துக்கொண்டார்.

சுற்றிக்கொண்டிருந்தது ஒத்தாசை. அந்த வீட்டு ஏவலன். அதாவது வீட்டு வேலைகளுக்கென்று குடியிருப்பு நிர்வாகம் கொடுத்திருந்த எந்திர மனிதன். அதன் இடக்கையில் தில்லையப்பனின் தசைக்காப்பு பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

இது நடந்தது செவ்வாய்க் கிரகத்தில், செவ்வூர் என்ற குடியிருப்பில். அங்கே அறுபது கிலோ ஆள் இருபத்துமூன்று கிலோவாகத்தான் கனப்பார். சுகம்தான். ஆனால் சுகம் கண்ட எலும்பு பூமிக்குப் போனால் முறுக்காக நொறுங்கிவிடும். ஆகவே பூமிக்குப் பயணம் போக விரும்புகிறவர் தொண்ணூறு நாள் தம் வீட்டிலேயே கடும்பயிற்சி செய்ய வேண்டும். கையில் கட்டிய தசைக்காப்பு தசைநாரின் அதிர்வையும் நாடித்துடிப்பையும் வியர்வையின் உப்பையும் அளந்து புள்ளி போடும். தற்காப்புக் கலையும் சேர்ந்தால் புள்ளி இரட்டிப்பு. ஐந்நூறு எடுத்தவரை மண்சுழல் அறையில் ஏற்றுவார்கள். அந்த அறை வேகமாகச் சுழன்று பூமியின் கனத்தை உண்டாக்கும். அதில் பத்து நிமிடம் நின்று, அறுபது கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றிக் காட்ட வேண்டும். தொள்ளாயிரத்துக்கு மேல் எடுத்தவருக்கோ சோதனையே கிடையாது. நேரே கப்பல்.

தில்லையப்பனுக்கு ஐம்பத்துநான்கு வயது. தக்காளிப் பண்ணையில் மேற்பார்வையாளர். பழம் கீழே விழுந்தால் அதுவாக உருண்டு காலடிக்கு வரட்டும் என்று காத்திருக்கிற சுபாவம். அப்பேர்ப்பட்டவருக்குப் பூமிக்குப் போயே தீர வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. மாயவரத்தில் தங்கை மங்கையின் மகள் முல்லைக்கு வைகாசியில் கல்யாணம். மாலை மாற்றும்போது மணப்பெண்ணைத் தாய்மாமன் தோளில் தூக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். முல்லைக்கு இருப்பதோ ஒரே மாமன். காது குத்தும்போது அவர் மடியில் உட்கார்ந்து அவர் கட்டைவிரலைக் கடித்தவள் அவள். அந்தத் தழும்பை அவர் இன்னும் தடவிப் பார்த்துக்கொள்வார்.

"வராம இருந்துடாதே அண்ணே. நீ தூக்கலேன்னா அவ மாலையே மாத்த மாட்டாளாம்" என்று மங்கை செய்தி அனுப்பியிருந்தாள்.

ஆசைக்கு என்ன குறைச்சல்? உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. காப்பைக் கட்டுமுன் ஒத்திகை பார்க்கலாமென்று தரையில் கவிழ்ந்தார். எட்டாவது தண்டாலில் கவிழ்ந்தவர் கவிழ்ந்தபடியே கிடந்தார். அங்கிருந்து பார்த்தபோது தெரிந்தவை, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒத்தாசையின் களைப்பறியாத கால்கள். யோசனை பளிச்சென்று உதித்தது.

தசைக்காப்பு முதல் நாள் யார் கையில் ஏறுகிறதோ அவர் உடம்பைப் பாடம் பண்ணிக்கொள்ளும். நடுவில் கை மாறினால் காட்டிக்கொடுத்துவிடும். 'அதனால் முதல் நாளே ஒத்தாசை கையில் கட்டிவிட்டால் வம்பே இல்லை' என்று கணக்குப் போட்டார் தில்லையப்பன். ஒத்தாசையின் நெஞ்சுக் குழாயை நாடிபோலத் துடிக்க வைத்தார். வியர்வைக்கு ரசத்துக்குப் போடும் உப்பையே தண்ணீரில் கரைத்துத் தெளித்தார்.

மனைவி பொற்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள்.

"அது தண்டால் எடுத்தா, அது பாக்கற வேலைய யாரு பாக்கறது? ஐஸ் கட்டி தானா மாடியேறி வருமா?"

"ஏன், நீ கொஞ்ச நாளைக்கு..."

"நானா? மாமன் முறை எனக்கில்லீங்களே. ஒத்தாசை உங்க வேலையைப் பாக்கட்டும், நீங்க ஒத்தாசை வேலையப் பாருங்க. இல்லேன்னா இப்பவே நிர்வாகத்துக்குச் சொல்லிடுவேன்."

செவ்வூரில் தண்ணீர் குழாயில் வராது. பனிக்கட்டியாகத் தெருமுனைக்கு வரும். ஒரு கட்டி, அந்த ஊர் நிறைப்படியே, ஐம்பது கிலோ கனக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வீடு ஆறாவது மாடி. மின்தூக்கி வயதானவர்களுக்கு மட்டும். தில்லையப்பன் கட்டியைத் தோளில் ஏற்றி, படிக்குப் படி அதைக் கொண்டுவந்தவன் குலத்தைத் திட்டிக்கொண்டே ஏறினார். பிறகு செம்புழுதி படிந்த கூரைக் கண்ணாடியை அண்ணாந்து தேய்த்தார். நாலு வீட்டுக்குப் பொதுவான மாவைப் பிசைந்தார். "முதுகு ஒடிஞ்சுதுடி" என்று படுத்தவர் மறுநாள் ஏழு மணிவரை எழுந்திருக்க மாட்டார். எழுந்ததும் ஒத்தாசை பணிவாகச் சொல்லும்:

"ஐயா, இன்று நீங்கள் மிகச் சிறப்பாகச் செய்தீர்கள். நாளை உங்களுக்குக் கால் பயிற்சி."

ஐம்பதாம் நாள் சமுதாயக் கூடத்துப் புள்ளிப் பலகையில் தில்லையப்பன் பெயர் முதலிடத்துக்கு வந்தது. எதிர்வீட்டு வடமலை தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி சார் இந்த வயசுல? ரகசியத்தச் சொல்லுங்க."

"அதிகாலைல எழுந்திரிக்கணும் வடமலை. மனசு சாக்குச் சொல்லும். அதுக்குக் காது குடுக்கக் கூடாது" என்றார், தோளில் பனிக்கட்டியோடு நின்ற தில்லையப்பன். கட்டுப்பாடு பற்றி ஒரு கூட்டத்தில் அரைமணி நேரம் பேசவும் பேசினார். கேட்டவர்களில் பொற்கொடி மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறாம் நாள் கணக்கு முடிந்தபோது தொள்ளாயிரத்து நாற்பது புள்ளி. 'கணக்குத்தான் முடிந்துவிட்டதே, இனிக் கை மாறினால் என்ன' என்று அன்று காலையே காப்பைக் கழற்றித் தம் கையில் மாட்டிக்கொண்டு கப்பல்துறைக்குக் கிளம்பினார். பொற்கொடி வழியனுப்ப வந்தாள், ஒத்தாசையும் வந்தது. பெட்டியை அது தூக்கவில்லை. பழக்க தோஷத்தில் அவரே தூக்கிக்கொண்டார்.

வாயிலில் பிலோமினா என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தாள். தில்லையப்பன் வாயிலுக்குள் கால் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னாலேயே வந்த ஒத்தாசை கால் வைத்தது. பச்சை எரிந்தது. "வருக தில்லையப்பன். தொள்ளாயிரத்து நாற்பது. வாழ்த்துகள்!" என்றது வாயில்.

"சார், இந்தக் காப்பு பாடம் பண்ணின உடம்பு உங்களது இல்லியே" என்றாள் பிலோமினா.

தில்லையப்பன் முதலில் பொய் சொல்லிப் பார்த்தார். பொற்கொடி முறைத்ததும் உண்மையைக் கொட்டிவிட்டார். கல்யாணத்தையும் கட்டைவிரல் தழும்பையும் சொல்லும்போது கண் கலங்கியது.

"என்னை அந்தச் சுழல் அறையில ஏத்துங்கம்மா. விழுந்தா விழறேன். முயற்சியாவது பண்ணினேன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிக்கறேன்."

பிலோமினாவுக்கும் ஒரு தாய்மாமன் இருந்தார்போலும். அறையைத் திறந்துவிட்டாள்.

அறை சுழன்றது. பூமியின் கனம் தலையில் இறங்கியது. இதோ விழப்போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டார் தில்லையப்பன். விழவில்லை. கால் தூணாக நின்றது. எதிரே இருந்த மூட்டையைப் பார்த்தார். பனிக்கட்டி அளவுதான் இருந்தது. தோள் தானாகச் சரிந்து கொடுத்தது, கை தானாக ஏற்றியது. பத்து நிமிடம் தாண்டியும் மூட்டையோடு நின்றார். ஏறப் படி இல்லாததுதான் அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

வெளியே வந்தவரைப் பொற்கொடி வாய் பிளந்து பார்த்தாள். அவருக்கே நம்ப முடியவில்லை. தொண்ணூறு நாளில் இரண்டு உடம்பு தயாராகியிருக்கிறது, அதில் ஒன்று தம்முடையது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பாஸ்தானே அம்மா?"

பிலோமினா திரையைத் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள்.

"ஏறல சார். உங்க உடம்பு பேர்ல புள்ளி சுழியம். ஐந்நூறு இல்லாதவங்க உள்ள போக முடியாதுங்கறதால, அறை ஆளில்லாமச் சுத்தினதாத்தான் காட்டுது."

"நீங்க கண்ணால பாத்தீங்களே!"

"பாத்தேன் சார். ஆனா நான் பாத்தது பதிவாகாதுங்களே." அவள் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "இருக்கை ஒண்ணு இருக்கு. புள்ளிய ஒத்தாசை பேருக்கு மாத்திடறேன், புள்ளி எடுத்த உடம்பு போகலாம். அடுத்த கப்பல் ஐப்பசிக்குத்தான்."

தில்லையப்பன் பெட்டியின்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து, காப்பைக் கழற்றி ஒத்தாசையின் கையில் மாட்டினார். பெட்டியிலிருந்த பட்டு வேட்டியை எடுத்து அதற்குக் கட்டிவிட்டார்.

"போய்ப் பிள்ளையத் தூக்கு. கீழ போட்டுடாதே. கடிச்சாலும் கடிப்பா, கைய உதறாதே."

"சரி ஐயா" என்றது ஒத்தாசை.

வைகாசி முகூர்த்தத்தன்று செவ்வூரே சமுதாயக் கூடத்தில் கூடியிருந்தது. பெரிய திரையில் மாயவரம் தெரிந்தது. நாதசுரம் உச்சத்துக்குப் போக, ஒத்தாசை குனிந்து முல்லையைத் தோளில் ஏற்றியது. எதிரே மாப்பிள்ளையைத் தூக்கியதும் ஓர் ஏவலன்தான். மாப்பிள்ளையின் மாமாவும் செவ்வூரில் தொள்ளாயிரத்துக்கு மேல் எடுத்தவராம். கூடத்தில் தில்லையப்பனுக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். முல்லை சிரித்துக்கொண்டே மாலையை வீசினாள். தில்லையப்பன் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் தெரியலீங்க, முன்னாடி ஒரே தலையா இருக்கு" என்றாள் பொற்கொடி.

"வா இப்படி" என்று குனிந்தார். பேசி முடிப்பதற்குள் அவளைத் தோளில் உட்கார்த்தி நிமிர்ந்துவிட்டார். பனிக்கட்டியில் பாதிகூட அவள் இல்லை. அவள் வெட்கமும் சிரிப்புமாக அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள். மாலை மாற்றி முடியும் மட்டும் அவர் அசையாமல் தாங்கி நின்றார்.

அப்போது புள்ளிப் பலகை மணியடித்தது. கூடமே திரையை விட்டுவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பியது. முதலிடத்தில்: 'ஒத்தாசை. மணமகளைத் தூக்கியதற்கு இருபது புள்ளி.' கடைசி வரியில்: 'தில்லையப்பன். சுழியம். இன்று ஓர் அசைவும் இல்லை. அன்பரே, சற்று எழுந்து நிற்கலாமே?'

எல்லோரும் பலத்துக் கை தட்டினார்கள். வடமலை பலகையைப் படித்துவிட்டு, பக்கத்தில் மனைவியைத் தோளில் சுமந்து நின்ற தில்லையப்பனை மேலும் கீழும் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"எப்படி இருந்த மனுஷன் சார் நீங்க! இப்படி உடம்ப விட்டுட்டீங்களே."