எச்சில் படாத சுருட்டு

கூரையில் இருந்த புகை அலாரம் திடீரென்று அலறியது. சிவநேசன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். அவன் இன்னும் எதையும் பற்ற வைக்கவில்லை. திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே மாடியில் இருக்கும் அவனுடைய சுருட்டுக் கூடத்தில் அவனைத் தவிர ஆள் கிடையாது. ஸ்டூலில் ஏறி அலாரத்தைக் கழற்றிவிட்டு இறங்கியபோதுதான் அது மூக்கில் ஏறியது. புகை வாசனை.

அவன் அப்படியே நின்றுவிட்டான். புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதல்ல விஷயம். வாசனை தெரிந்ததே, அதுதான்.

கோவிட் வந்து போனதிலிருந்து அவனுக்கு மோப்பமும் இல்லை, ருசியும் இல்லை. கோலாலம்பூரில் உயர்ந்த சுருட்டுக்கு மதிப்பெண் போடும் சிவநேசனின் நாக்கு செத்துப்போய்விட்டது என்று யாருக்கும் தெரியாது. இணையத்தில் மற்றவர்கள் சொன்னதைப் பொறுக்கி, தன் குரலில் காணொளி போட்டே காலத்தை ஓட்டிவந்தான். நாளை அது முடியாது. பெட்டாலிங் ஜெயா ஹோட்டல் ஒன்றில் கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் ருசி சொல்ல வேண்டும். போட்டிக்கடை இக்ராம்தான் வம்புக்கு இழுத்திருந்தான். "பேர் பாத்து ருசி சொல்றது ஈசி லா பாஸ். கண்ணக் கட்டிட்டு சொல்லுங்க, பாப்போம்." நாளை தோற்றால் பேரும் போகும், கடையும் போகும்.

வாசனை கண்ணாடி அறைக்குள்ளிருந்து வந்தது. ஈரப்பதம் குறையாமல் சுருட்டுகளைக் காக்கும் அந்த அறையில், கீழ்த்தட்டில், சீதாலெட்சுமியின் பெட்டி இருந்தது.

கிள்ளானில் லோரி கம்பெனி நடத்துகிற பெண்மணி. தன் யார்டில் மரத்தடியில் இருக்கும் முனிக்குப் படைப்பதற்காகக் கையால் சுருட்டிய சுருட்டுகளைத் தனியாகச் சொல்லி வரவழைத்திருந்தாள். பூசை நாள் வரை காய்ந்துபோகாமல் இருக்கட்டும் என்று இவனிடம் கொடுத்துவைத்தாள். இன்று மாலை வந்து எடுத்துக்கொள்வாள்.

"சாமிக்கு இவ்ளோ ஒசந்த சரக்கா? சாதா சிகரெட் போதாதாக்கா?" என்று அன்றைக்கு அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "அவருக்குப் படைக்கிறத நாங்க மோந்துகூடப் பாக்க மாட்டோம். சமைக்கிறவ உப்பு பாக்க மாட்டா. நீங்க வாய் வச்சிடாதீங்க பாஸ்." படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். "அவருக்கு ருசி தெரியும். உங்களுக்கு?"

அந்தக் கேள்வி இன்னும் அவனுக்குள் முள்ளாகக் கிடந்தது. கண்ணாடி அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தான். அடிவரிசையில் ஒன்றை உருவினான். மேல்வரிசையைச் சரிசெய்து மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது?

வெளியே வானம் இருண்டு, மோனோரயில் பாதைக்கு அப்பால் இடி உருண்டது. தோல் நாற்காலியில் சாய்ந்து, சுருட்டின் நுனியை வெட்டி, நீளமான தீக்குச்சியின் சுவாலையில் காட்டிச் சுழற்றிச் சுழற்றிப் பற்ற வைத்தான். முதல் இழுப்பு. நாக்கின் ஓரத்தில் கருமிளகு எரிந்தது. பின்னால் வறுத்த காப்பித் தூள், அதற்கும் பின்னால் பனைவெல்லத்தின் அடிப்பிடித்த இனிப்பு. ருசி. உண்மையான ருசி. அவன் கண்களில் நீர் முட்டியது. "மிளகு," என்று காலி நாற்காலிகளிடம் உரக்கச் சொன்னான். "கொப்பி. வெல்லம்." நாளை இக்ராம் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துச் சிரித்தான்.

மழை பிடித்துக்கொண்டது. சுருட்டு நடுப்பகுதிக்கு வந்தபோது ருசி மாறியது. நல்ல சுருட்டு அப்படித்தான், போகப் போக மாறும். எலுமிச்சை. டயரில் நசுங்கிய எலுமிச்சை என்று எப்படியோ தெரிந்தது. டீசல். ஈர மண்ணில் கொட்டிய சாராயம். பிறகு, வெதுவெதுப்பாக, சேவல் ரத்தம்.

சட்டென்று சுருட்டைச் சாம்பல் தட்டில் வைத்தான்.

கைப்பேசி அடித்தது. சீதாலெட்சுமி.

"பாஸ், பெட்டியத் தொறந்தீங்களா?"

"இல்லக்கா. ஏன்?"

"ஃபெடரல் ஹைவேல ஜாம். வர லேட்டாகும்னு சொல்லத்தான் எடுத்தேன். அதுக்குள்ள யார்டுல இருந்து பசங்க கூப்பிட்டாங்க. மரத்தடியில புகை வருதாம். யாரும் ஒண்ணும் பத்த வைக்கலியாம்."

"மழையில என்னவோ..." இருமல் வந்தது.

"இருமுறீங்களே."

"சளிக்கா."

அவளுடைய காரின் வைப்பர் அடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. "எச்சில் பண்ணிட்டு பொய் வேற," என்றாள் அமைதியாக. அழைப்பு அறுந்தது.

அப்போதுதான் பார்த்தான். தட்டில் கிடந்த சுருட்டின் கங்கு பளிச்சென்று சிவந்தது. மெல்ல மங்கியது. மறுபடி சிவந்தது. காற்றில்லை, ஏர்கண்டிஷன் ஓடவில்லை, ஜன்னல்கள் மூடியிருந்தன. அவசரமில்லாமல், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த ஒருவர் இழுத்து இழுத்து விடுவதுபோல, சிவப்பதும் மங்குவதும். ஒவ்வொரு முறை சிவந்தபோதும் சிவநேசனின் நெஞ்சுக்குள்ளிருந்து மூச்சு கொஞ்சம் வெளியே போனது. அவன் விடவில்லை. தானாகப் போனது.

அணைத்துவிட வேண்டும் என்று கையை நீட்டினான். கை அதை எடுத்தது. ஆனால் நசுக்கவில்லை. வாய்க்குக் கொண்டுவந்தது.

கடைசிப் பகுதி. எழுந்துவிடு என்று தன்னையே அதட்டினான். கால் கேட்கவில்லை. நாக்கு மட்டும் உயிரோடிருந்தது. அது வேலை செய்தது. இத்தனை காலம் செய்யாத வேலையைச் சுத்தமாகச் செய்தது. உப்பு. வியர்வை. காலையில் குடித்த இருமல் மருந்து. அப்புறம் ஒரு ருசி, பிறந்ததிலிருந்து கூடவே இருந்ததால் அவன் ஒருநாளும் கவனிக்காதது.

அவனுடைய வாய். அவனுடைய சதை.

உதட்டிலிருந்து சுருட்டைப் பிடுங்கப் பார்த்தான். உதடு கூடவே வந்தது. விரல் நகங்கள் சாம்பல் நிறமாகியிருந்தன. வலிக்கவில்லை. சூடு மட்டும். நாற்காலி முதுகின் தோல் கிறீச்சிட்டது, யாரோ முழங்கையை ஊன்றியதுபோல. பின்னங்கழுத்தில் ஒரு மீசையின் சொரசொரப்பு. ஓர் இழுப்பு. மூச்சு போனது. ஓர் இழுப்பு.

படியில் காலடி.

வந்துவிட்டாள். திட்டட்டும், அடிக்கட்டும், இந்த நாற்காலியிலிருந்து இழுத்துப் போட்டால் போதும். கூப்பிட வாயைத் திறந்தான். புகைதான் வந்தது.

கதவு திறந்தது. சீதாலெட்சுமி நனைந்த தலையோடு நின்றாள். அவள் பின்னால் டிரைவர் பழனியப்பன். அவர் சிவநேசனைப் பார்த்ததும் "ஐயோ" என்று பாய்ந்து வந்தார். அவள் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள்.

பிறகு, வாசலிலேயே, செருப்பைக் கழற்றினாள்.

வெறுங்காலோடு நாலடி வந்து, கைகூப்பினாள். அவள் கண்கள் சிவநேசனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்குக் கொஞ்சம் மேலே, நாற்காலிக்குப் பின்னால், உயரமாக எதையோ பார்த்தன. அவன் கெஞ்சிக் கையைத் தூக்கினான். விரல்கள் முட்டி வரை வெள்ளைச் சாம்பலாக, உதிராமல், முழுசாக நின்றன. அதற்குக் கீழே ஒரு சிவப்பு வளையம் மணிக்கட்டை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

பழனியப்பன் ஓரடி பின்வாங்கினார். "அக்கா, பெட்டிய எடுத்துட்டுப் போயிடலாமா?"

"பெட்டி இருக்கட்டும்ணே. பத்த வச்சத மொதல்ல அவரு பிடிச்சு முடிக்கட்டும்."