அர்மானின் நெஞ்சுப்பெட்டி

மலைச்சாலை முழுக்கப் பனி இறுகிக் கிடந்தது. செவிலி ஒதீல் அந்தக் கல்வீட்டை அடைந்தபோது மதியம் மூன்று மணி. கையில் ஈயப்பெட்டி. அர்மான் இறந்து மூன்று நாளாகியிருந்தது. எட்டு வருடத்துக்கு முன் அவர் நெஞ்சில் வைத்த இதயமுடுக்கிக்குள் (பேஸ்மேக்கர்) இருந்தது புளூட்டோனிய மின்கலம். ஆள் போனாலும் அது ஓயாது. கதிர்வீச்சு உள்ளது என்பதால் அதை உடலோடு புதைக்கக் கூடாது. எடுத்துக்கொண்டு லியோன் நகர மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

கதவைத் திறந்த அவர் மனைவி மதோவின் கண்கள் வீங்கியிருந்தன.

"வந்துட்டியாம்மா? சீக்கிரம் அதை எடு. போக முடியாமத் தவிக்கிறாரு மனுஷன்."

"அவர் போயிட்டாரும்மா."

"எங்க போனாரு? கைய வெச்சுப் பாரு."

அறையில் மெழுகுவர்த்தியும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை. ஒதீல் அவர் நெஞ்சில் கை வைத்தாள். கல்லாகக் குளிர்ந்திருந்தது.

கல்லுக்குள் ஏதோ தட்டியது.

விட்டு, மறுபடி தட்டியது.

கருவிதான் தட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதயமுடுக்கி தட்டாது, சத்தமே போடாது என்பது அவளுக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியும்.

காரையெலும்புக்குக் கீழே கீறி, கம்பியைத் துண்டித்து, கருவியை ஈயப்பெட்டிக்குள் பூட்டினாள். அந்த நெஞ்சை மறுபடி தொடவில்லை.

மதோ அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "இனியாவது நிம்மதியாத் தூங்குவாரு."

மறுநாள் காலை மருத்துவமனையில் பொறியாளர் ஜெரோம் கருவியைச் சோதித்தார்.

"மின்கலம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ளயே இணைப்பு அறுந்து கிடக்கு. ஒரு வருஷமாவது இருக்கும். இதுலேர்ந்து இதயத்துக்கு ஒண்ணுமே போகல."

தொலைபேசி அடித்தது. மதோ.

"சவப்பெட்டிய மூடிட்டாங்கம்மா. தூக்க வந்தவங்க கீழ வெச்சிட்டு ஓடிட்டாங்க. இன்னும் தட்டுது. உள்ள வேற எதையாவது விட்டுட்டியா?"



"புதைச்சிடுங்க" என்றாள் ஒதீல்.

"உயிரோடயா?"

 ஒதீல் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

எப்படியோ புதைத்தார்கள். அதன் பிறகு மதோ சாப்பாட்டைத் தொடவில்லை. மார்ச் மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள். மனசு கேட்காமல் ஒதீல் அடக்கத்துக்குப் போனாள். கணவனுக்குப் பக்கத்திலேயே குழி. பெட்டியை உள்ளே இறக்கியிருந்தார்கள். பாதிரியார் ஜெபித்துக்கொண்டிருந்தார். காற்று அசையவில்லை. யாரும் மண் போட ஆரம்பிக்கவில்லை.

ஆனாலும் குழியில் அர்மான் கிடந்த பக்கத்து மண்சுவரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. கொஞ்சமாக. விட்டு விட்டு. மதோவின் பெட்டிமேல்.