கயிற்றின் மறுமுனை

கயிறு கைக்கு வந்தபோது அதில் பதினோரு முடிச்சுகள் இருந்தன.

சவ்வா மறுபடியும் எண்ணினான். இருட்டில் விரல்தான் கண். கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நெருடிக்கொண்டே போனான். பத்து முடிச்சுகள் கடலோடிகள் போடுகிற முடிச்சுகள், நகம் பெயர்த்தாலும் லேசில் அவிழாதவை. பதினோராவது மட்டும் மெத்தென்று இருந்தது. பெண்கள் தாடைக்குக் கீழே தலைத்துணியைக் கட்டிக்கொள்வார்களே, முனையைச் சுண்டி இழுத்தால் விட்டுவிடுமே, அந்த மாதிரி முடிச்சு.

“டேய் கர்லாம், தூங்கிட்டியா? பதினொண்ணு போட்டிருக்க.”

தான் பத்துதான் போட்டதாக, இழுத்து இழுத்துப் பேசும் குரலில் கர்லாம் சாதித்தான். மச்சானுக்குக் குளிரில் கணக்கே மறந்துபோய்விட்டது, ஊருக்குப் போய் அக்காவிடம் சொல்லிச் சிரிக்கப்போகிறேன் என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், ஆனால் ஈறு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டான்.

வடதுருவத்துக்குப் பக்கத்தில், மாதக்கணக்கில் சூரியனே எழாத க்ருமந்த் தீவில் குளிர்காலத்தைக் கழிக்கிறவன் அதிகம் தூங்கக் கூடாது. வெள்ளைக்கடல் கரையில் பிறந்த எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். சோம்பிப் படுப்பவனைத் தேடித்தான் சிங்கா என்கிற நோய்ப்பேய் வருவாள். ஈறு அழுகுவதும், பல் ஆடுவதும், காலில் கருநீலம் படர்வதும் அவள் வந்துவிட்டதற்கு அடையாளம். கனவில் வருவாள், அதுவும் நமக்குப் பிரியமானவர்களின் முகத்தை மாட்டிக்கொண்டு வருவாள். கொஞ்சம் படுத்துக்கோயேன் என்பாள். அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கயிறு. சவ்வா பத்து முடிச்சுகள் போட்டு இடப்பக்கம் நிஃபோந்திடம் கொடுப்பான். நிஃபோந்த் அத்தனையையும் அவிழ்த்து, தானும் பத்து போட்டு கர்லாமிடம் தருவார். கர்லாமும் அப்படியே செய்து சவ்வாவிடம் தருவான். விழித்திருக்கிற நேரமெல்லாம் இதே பிழைப்பு. சீல் கொழுப்பு குறைந்துகொண்டே வந்ததால் சாப்பாட்டு நேரம் தவிர விளக்கும் கிடையாது.

வால்ரஸ், நரி வேட்டைக்கென்று போன கோடையில் வந்து இறங்கியவர்கள் நான்கு பேர். கப்பல் அடுத்த கோடையில்தான் வரும். நான்காவது ஆள் ஸோஸிமா நல்ல தூக்கக்காரன். இரும்பு போல உறைந்த மண்ணைத் தோண்ட முடியாமல், அவனைக் கம்பளியில் சுற்றி, கொட்டகையில் நரித்தோல்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

சூரியன் தலைகாட்ட இன்னும் பன்னிரண்டு நாள். அதுவரை கர்லாமை இழுத்துப் பிடித்துவிட்டால் போதும். சவ்வாவுக்கு அது ஒன்றுதான் கவலை. புறப்படும்போது மெஸேன் துறையில் உஸ்தீன்யா, அவன் மனைவி, ஊரார் பார்க்க அவன் இடுப்புவாரைப் பிடித்து நிறுத்தினாள். என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறாய், அவன் இல்லாமல் நீ மட்டும் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த சுற்றிலும் பதினொன்று வந்தது.

சவ்வா எல்லாவற்றையும் அவிழ்த்து, பத்து போட்டு நிஃபோந்திடம் தந்தான். களிமண் அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது. கரியும், தாரும், ஈரத்தோலும், மூன்று ஆண்களின் கெட்ட மூச்சும் கலந்து கிடந்த அந்தப் பழகிய நாற்றத்துக்கு நடுவில், எங்கிருந்தோ சுத்தமான பனியின் வாசனை வந்தது. இப்போதுதான் யாரோ வெளியிலிருந்து உள்ளே வந்ததுபோல இருந்தது. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. திறந்திருந்தால் அந்தக் கீல் போடும் கூச்சலுக்குச் செத்தவனும் எழுந்து உட்கார்ந்திருப்பான். கூரையில் காற்று மணலைச் சலிப்பதுபோலப் பனித்தூளைச் சலித்துக்கொண்டிருந்தது. நிஃபோந்த் மூக்கை உறிஞ்சினார். கயிறு கை மாறும் சரசரப்பு கேட்டது. அவரிடமிருந்து கர்லாமுக்கு. அங்கிருந்து இங்கே வரவேண்டும். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

சவ்வா வலக்கையை நீட்டினான். கயிறு வந்தது. அதைக் கொடுத்த விரல்களும் சேர்ந்து வந்தன.

பாவம், எப்படிக் குளிர்ந்துபோயிருக்கிறான் என்று நினைத்து அந்தக் கையைப் பற்றித் தேய்த்துவிட்டான். வழவழப்பான கை. உள்ளங்கையில் ஒரு காய்ப்பு இல்லை, வெடிப்பு இல்லை. ஈட்டிக் கயிறு இழுத்த தழும்பு இல்லை. அது திரும்ப அவன் கையை அழுத்தியது, ஆறுதல் சொல்வதுபோல.

அப்போது கர்லாம் இருமினான். அடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து. இரண்டு முழம் தள்ளி.

சவ்வா கையை உதறிக்கொண்டு எழுந்த வேகத்தில் தலை உத்தரத்தில் இடித்தது. விளக்கு, விளக்கு என்று மட்டும் சொன்னான். சக்கிமுக்கிக் கல்லைத் தட்ட நிஃபோந்துக்கு ஒரு யுகமானது. திரி பிடித்து வெளிச்சம் எழும்பியபோது மூன்று பேர்தான் இருந்தார்கள். ஆனால் சவ்வாவுக்கும் கர்லாமுக்கும் நடுவில், மான்தோல் விரிப்பில், ஓர் ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

அது ஸோஸிமாவின் இடம், யாரும் நகர்ந்து உட்காரவில்லை, வேறென்ன என்றார் நிஃபோந்த். பன்னிரண்டு முறை க்ருமந்துக்கு வந்து திரும்பியவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லும்போது அவர் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த வெளிச்சத்தில்தான் சவ்வா கர்லாமை நன்றாகப் பார்த்தான். நாலு நாளுக்கு முன் பார்த்த முகம் இல்லை அது. உதடு வீங்கி, ஈறு கறுத்து, பற்கள் நீளமாகத் தெரிந்தன. கண் செருகிச் செருகி விழித்தது. நோய்க்கு மருந்தென்று பனிக்கடியில் தோண்டிப் பிடுங்கிய புல்லை மென்று அவன் வாயில் ஊட்டினான். விழுங்கக்கூடத் தெம்பில்லை, வழிந்தது.

“மச்சான், ஒரே ஒரு தடவ. கண்ண மூடிக்கிறேன். ஒரு கப்பு தண்ணி குடிக்கிற நேரம்.”

“மூடின, கொன்னுடுவேன்.”

விளக்கு ஆடியது. நிஃபோந்த் கயிற்றைச் சுருட்டிச் சுவரோரம் எறிந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு பெரிய சலிப்புதான் இருந்தது.

“விடுடா சவ்வா. பையன் நோயில கெடக்கல, அசந்து கெடக்கான். நீதான் அவனச் சாவடிக்கிற. தூங்கட்டும்.”

“அண்ணே, ஸோஸிமாவையும் இப்படித்தான் தூங்கட்டும்னீங்க.”

நிஃபோந்த் மேல்கோட்டைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நாலு மூச்சில் குறட்டை வந்தது. இத்தனை வருஷ அனுபவம் உள்ள மனுஷன் இப்படிப் படுத்துவிட்டாரே என்று சவ்வாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணுக்குத் தெரியாத யாரோ அவருக்குத் தாலாட்டுப் பாடியதுபோல அவ்வளவு சீக்கிரம் தூங்கினார்.

நடக்க வைத்தால்தான் பிழைப்பான் என்று சவ்வா முடிவு கட்டினான். அவன் ஊரில் எவனும் அதைத்தான் செய்திருப்பான். கயிற்றை எடுத்து ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையைக் கர்லாமின் இடுப்பிலும் கட்டினான். கட்டியதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகு அவனைக் கக்கத்தில் தாங்கி, கீல் கூவக் கூவக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். மத்தியானம். தெற்கே, கடல் உறைந்து கிடந்த கடைசியில், நகக்கீறல் அளவுக்கு ஒரு சிவப்பு. மற்றபடி எல்லாம் கறுப்பு. முழங்கால் உயரத்துக்குப் பனித்தூள் தரையோடு ஓடிக்கொண்டிருந்தது.

குடிசையைச் சுற்ற நாற்பது எட்டுதான். இடது கை சுவரை விடக் கூடாது, விட்டால் வழி தப்பும். ஒவ்வொரு மூலையிலும் நான் கூப்பிடுவேன், நீ இருக்கேன்னு சொல்லணும் என்று கர்லாமிடம் படித்துப் படித்துச் சொன்னான். அவன் தலையை ஆட்டினான்.

முதல் சுற்று. கயிறு பின்னால் கனத்தது. தள்ளாடுகிறவனுடைய கனம், நின்று நின்று, இழுத்து இழுத்து. கூப்பிட்டபோதெல்லாம் குரல் வந்தது. இருக்கேன் மச்சான். கொஞ்சம் தாமதமாக வந்தாலும் வந்தது. கதவைக் கடக்கையில் உள்ளே நிஃபோந்தின் குறட்டை கேட்டது.

இரண்டாவது சுற்றில் கயிறு ஒரு தரம் சுத்தமாக நின்றது. சவ்வா வைது தீர்த்தான். உன் அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன், எழுந்திருடா, இன்னும் பன்னிரண்டே நாள் என்று கத்தினான். திரும்பிப் பார்த்தால் கண்ணில் பனித்தூள் அடித்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கயிறு மெல்ல இளகி, தொடர்ந்தது.

“இருக்கேன் மச்சான்.”

மூன்றாவது சுற்றில் நடை தேறியிருந்தது. தள்ளாட்டமே இல்லை. இவன் நடக்க நடக்கக் கயிறு அளந்ததுபோல ஒரே சீராக வந்தது. சவ்வாவுக்கு மனசு குளிர்ந்தது. பார்த்தாயா, நடந்தால் சரியாகிவிடும் என்று சொல்லவில்லையா? குரலும் தெளிந்திருந்தது. கேட்ட உடனே பதில். கேட்கும் முன்பே ஒரு தரம்.

உள்ளே நிஃபோந்தின் குறட்டை நின்றிருந்தது.

கதவுக்கு முன்னால் கால் எதிலோ தடுக்கியது. குனிந்து தடவினான். தோல் பூட்ஸ். முழங்கால். கோட்டின் பித்தளைப் பொத்தான், உஸ்தீன்யா தைத்தது. நிலைக்கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் கர்லாம். மடியில் பனி நிரம்பியிருந்தது. தாடி விறைத்திருந்தது. திறந்த வாய்க்குள்ளும் பனி.

இடுப்பில் கயிறு இல்லை.

சவ்வா தன் கயிற்றைத் தடவிப் பார்த்தான். அவனுடைய இடுப்பிலிருந்து புறப்பட்ட கயிறு குடிசையின் மூலையைத் தாண்டி இருட்டுக்குள் போயிருந்தது. விறைப்பாக. தொங்கல் இல்லாமல். அது இரண்டு தரம் மெதுவாக இழுத்தது.

“நிக்காத மச்சான். நின்னா தூங்கிடுவ.”

கர்லாமின் குரல்தான். ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் இருந்த குரல், ஈறு வலிக்காத குரல்.

கத்தி இடுப்பில்தான் இருந்தது. ஒரு வெட்டுப் போதும். ஆனால் வெட்டினால் இங்கே உட்கார்ந்திருப்பவன்தான் கர்லாம் என்று ஆகிவிடும். நான்தான் அவனை நடக்க வைத்துச் சாகடித்தேன் என்று ஆகிவிடும். அதை நினைக்க அவனுக்கு நெஞ்சில் இடம் இல்லை. பதில் சொல்கிறவன்தானே உயிரோடு இருப்பவன். கூடவே வருகிறான், கேட்டால் பேசுகிறான், வேறென்ன வேண்டும்? சவ்வா அழுதுகொண்டே அந்த முழங்கால்களைத் தாண்டினான். நடந்தான்.

நான்காவது சுற்றில் முழங்கால்கள் மூடிப்போயிருந்தன. அடுத்ததில் மார்பு. அதற்கடுத்ததில் தொப்பி மட்டும் தட்டுப்பட்டது. அப்புறம் கதவே தட்டுப்படவில்லை. சவ்வா எண்ணுவதை விட்டிருந்தான். கூப்பிட்டான். குரல் வந்தது. கூப்பிட்டான். வந்தது. உடம்பில் ஒரு கதகதப்பு பரவத் தொடங்கியிருந்தது. நல்லதுதான். நடந்தால் சூடு வரும்.

கயிறு தொய்ந்தது.

பின்னால் கனம் இல்லை. சவ்வா நின்றான்.

“மாப்ள?”

“இருக்கேன் மச்சான்.”

குரல் முன்னாலிருந்து வந்தது.

கயிறு காலுக்கடியில் பாம்பாக நெளிந்து ஓடி, முன்பக்கம் விறைத்தது. இழுத்தது. இடது கையை நீட்டினான். சுவர் இல்லை. இன்னும் நீட்டினான். எதுவும் இல்லை. காலுக்குக் கீழே தரை இல்லை, வழவழப்பான கடல்பனி.

தெற்கே அந்தச் சிவப்பு. அதை நோக்கி அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் பின் ஒருவனாக, இடுப்புக்கு இடுப்பு கயிறு கட்டி. கம்பளி இழுபட இழுபட ஸோஸிமா. அவனுக்கு முன்னால் சவ்வா அறியாதவர்கள், அவர்களுக்கும் முன்னால் இன்னும் பலர், வரிசையின் தலை கண்ணுக்கு எட்டவில்லை. யாருக்கும் அவசரம் இல்லை. யாரும் தள்ளாடவில்லை.

கடைசியில் இருந்தவன் திரும்பினான். கர்லாம். சிரித்தான். பல்வரிசை முழுசாக, வெள்ளையாக இருந்தது. அவன் கண்கள் இரண்டும் மூடியிருந்தன.

சவ்வா கையுறையைக் கழற்றினான். விரலைத் தன் கண்ணுக்குக் கொண்டுபோனான்.

இமை மூடியிருந்தது. மற்றதும். பனி பிடித்து, உறைந்து, இறுக ஒட்டியிருந்தன.

கயிறு இழுத்தது. அவன் நடந்தான்.