ஒன்பது லட்ச ரூபாய்க் கியர்

வெள்ளிக்கிழமைகளில் ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கிவிடும். அதற்குள் எங்கள் ஷோரூமில் குறைந்தது நான்கு வண்டிகளுக்காவது பூஜை போட்டாக வேண்டும். வண்டிக்கு மூன்று சக்கரம், ஆகவே மூன்று எலுமிச்சம்பழம். முன்சக்கரங்களுக்கு இரண்டு, பின்சக்கரத்துக்கு ஒன்று. பின்சக்கரத்துப் பழத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, "ஏனுங், இது மட்டும் நசுங்கலீங்களே?" என்று கேட்கும் புத்திசாலிகளுக்கும் வணக்கம் போட்டுத்தான் அனுப்புகிறோம்.

என் பெயர் தமயந்தி. கோயமுத்தூர் அவிநாசி சாலையில், வல்லூறு என்ற மூன்று சக்கரப் பந்தய வண்டி விற்கும் கடையில் ஆறு வருடமாகக் கியர் பயிற்சியாளர்.

வல்லூறு இரண்டு வகையில் வருகிறது. தன்னியக்கி பதினான்கு லட்சம். ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னால் போதும், 'செலுத்தி' என்ற கணினி கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கைக்கியர் இருபத்து மூன்று லட்சம். அதில் ஒரு கிளட்ச் மிதி, ஒரு கியர்க் கம்பி, ஐந்து கியர், ஒரு நியூட்ரல். வீட்டில் தண்ணீர்த் தம்ளரைக்கூட எந்திரம் எடுத்துக் கொடுக்க வேண்டும் இந்த மகராசன்களுக்கு. ஆனால் கையையும் காலையும் அசைக்க ஒன்பது லட்சம் கூடக் கொடுப்பார்கள். ஒரு வாரம் நான் சொல்லிக்கொடுப்பேன். முதல் நாள் எல்லாரும் கிளட்சை மறந்துவிட்டுக் கம்பியோடு மல்லுக்கட்டுவார்கள். நான்காம் நாள், என்னமோ அவர்கள்தான் சக்கரத்தைக் கண்டுபிடித்த மாதிரி எனக்கே பாடம் எடுப்பார்கள்.

அந்த ஒன்பது லட்சத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது தெரியுமா? பழி. பொறுப்புச் சட்டம் வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. தன்னியக்கி யாரையாவது இடித்தால் குற்றம் கம்பெனியுடையது. உள்ளே இருப்பவர் வெறும் பயணி. கைக்கியர் இடித்தால் கம்பியைப் பிடித்தவரே ஓட்டுநர், அவர்தான் கம்பி எண்ண வேண்டும். ஊரில் எல்லாமே எந்திரம் செய்வதால் யாருக்கும் எந்தத் தப்பும் இல்லாமல் போன காலத்தில், 'தப்புச் செய்யத் தகுதி உள்ளவன்' என்பது பெரிய கௌரவமாகிவிட்டது. ஓட்டுநர் என்று அச்சடித்த அட்டையைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிறார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சும்மாவா சொன்னார்கள்?

இதில் இன்னொரு கூத்து உண்டு. வல்லூறு மின்மோட்டாரில் ஓடுவது. அதற்குக் கியரே கிடையாது. கம்பியின் அடியில் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும், உறுமல் சத்தம் போடும் ஸ்பீக்கரும்தான். கம்பியைத் தள்ளினால் வண்டி லேசாகக் குலுங்கும், சத்தம் மாறும், இவர்கள் மீசையை முறுக்கிக்கொள்வார்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் அதே கதைதான். எல்லா வண்டியையும் செலுத்திதான் ஓட்டுகிறது. வேலைக்குச் சேரும்போதே இதை வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நானும் போட்டேன்.

மருதாசலம் வண்டி எடுத்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அப்பா விட்டுப்போன பம்ப்செட் ஆலைக்கு முதலாளி, ஐம்பது வயசு, புதுக் கையுறை, புதுத் தலைக்கவசம். மனைவி கோகிலவாணி ஆரத்தித் தட்டோடு நின்றார். சொந்தக்காரர்கள் முப்பது பேர். மனிதர் வண்டியில் ஏறி, எல்லாரையும் பார்த்துக் கையாட்டி, கிளட்சை மிதித்துக் காலை எடுத்தார். கியரைப் போட மறந்துவிட்டார். கம்பி நியூட்ரலில் நிற்கிறது. பழத்தைப் பார்த்துப் பூஜை என்று புரிந்துகொண்ட செலுத்தி, தானாகவே வண்டியை உருட்டியது. மூன்று பழமும் பட்பட்டென்று நசுங்கின. முப்பது பேரும் கைதட்டினார்கள்.

"எப்படீங் அம்மிணி நம்ம கன்ட்ரோலு?" என்றார் என்னிடம்.

"சூப்பருங்க சார்" என்றேன். ஓட்டத் தகுதியானவர் என்ற சான்றிதழிலும் அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சிரிப்பை அடக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஊருக்குள்ளேயே ராமநாதபுரம் சிக்னல் பக்கத்தில் அவருடைய வல்லூறு சைக்கிளில் போன பிலோமினா என்ற நர்ஸை இடித்தது. அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஓட்டுநர் பிரேக் பிடிக்கத் தாமதித்தார் என்று கம்பெனி இரண்டு வரியில் அறிக்கை கொடுத்துக் கையைக் கழுவிக்கொண்டது. ஆறு மாதம் உள்ளே என்று வக்கீல் சொல்லிவிட்டாராம்.

பூஜை வீடியோ என்னிடம் இருந்தது. எல்லா டெலிவரியையும் படம் எடுப்பது எங்கள் வழக்கம். கம்பி நியூட்ரலில் நிற்பதும் வண்டி நகர்வதும் அதில் பளிச்சென்று தெரியும். அது கோர்ட்டுக்குப் போனால் ஓட்டியது அவரல்ல என்று ஆகிவிடும். அவர் வெளியே, கம்பெனி உள்ளே. என் வேலையும் போகும். இரக்கம் என்று நினைக்க வேண்டாம். அந்த அசட்டுத்தனத்துக்கு ஆறு மாதம் அதிகம் என்று பட்டது, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

போனில் அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை, கைதட்டல் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"அப்ப நானு ஓட்டவே இல்லீங்களா?"

"ஒரு நாளும் இல்லீங்க சார். இதக் குடுத்தீங்கன்னா வெளிய வந்தர்லாம்."

கோகிலவாணி கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிவிட்டது.

"அந்தப் பொண்ணப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தனுங் அம்மிணி" என்றார். "தப்பு என்னோடதுதாம்மா, மன்னிச்சுருன்னு சொன்னேன். அளுதுருச்சு. அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ அடிபட்டிருக்குதாமா. ரெண்டு தடவயும் கம்பெனிலருந்து போனுக்கு மெசேஜ்தா வந்துச்சாமா. ஆளுன்னு ஒருத்தர் வந்து நின்னது இதுதா மொதல் தடவயாமா."

"அதுக்காவ ஜெயிலுக்குப் போவீங்களா?"

"இப்பப் போயி, நா இல்லீம்மா, அது வெறும் மிசினுன்னு எப்படீங் சொல்றது? ஆலைய எங்கப்பன் வெச்சாரு, மிசினு ஓட்டுது. நா செஞ்சதுன்னு சொல்ல இது ஒண்ணுதானுங்க இருந்துச்சு. அதுவும் இல்லீன்னு ஆயிருச்சு. சொன்ன சொல்லாச்சும் நிக்கட்டும். அழிச்சுருங்க."

மூளை கெட்ட மனுஷன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போனை எடுத்துப் பையில் போட்டேன். எழுந்தபோதுதான் கேட்டார்.

"அன்னிக்கே நீங்க பாத்தீங்களா? கம்பி நியூட்ரல்ல இருந்தத?"

"பாத்தனுங்க."

"பாத்துட்டுத்தா கையெழுத்துப் போட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். கிளட்சை மறந்து கம்பியோடு மல்லுக்கட்டும் ஆட்களை நான் ஆறு வருடமாக எப்படிப் பார்க்கிறேனோ, அதே பார்வை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"சட்டத்துல உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க அம்மிணி, பயப்படாதீங்க" என்றார். "ஆனா ஒரு நட அந்தப் பொண்ணப் போயிப் பாத்துட்டு வாங்க. ஆஸ்பத்திரி பக்கந்தானுங்க."

பக்கம்தான். ஷோரூமிலிருந்து நடந்தால் பத்து நிமிடம்.

மருதாசலம் ஆறு மாதத்தை முடித்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பிலோமினா அதே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ், ஊன்றுகோலோடு வேலைக்குப் போகிறாளாம். வீடியோவை நான் அழிக்கவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. இன்றும் வெள்ளிக்கிழமை. பத்தரைக்குள் நான்கு வண்டி, பன்னிரண்டு பழம். முதல் வண்டிக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு, "எல்லாம் சரீங்களா அம்மிணி?" என்று கேட்கிறார்.

"எல்லாம் சரீங்க சார்" என்று கையெழுத்துப் போடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு நான் இன்னும் போகவில்லை.